ரத்தம் காட்டிய பட்டை

போடியில் அந்தக் காலத்தில் மோட்டார் ஓட்டியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒருவனுக்கும் உடம்பு முழுசாக இருந்ததில்லை. ஹேண்டிலைப் போட்டுச் சுற்றி எஞ்சினைக் கிளப்பும்போது அது எதிர்ப்பக்கமாக ஒரு உதை விடும். சட்டென்று கையை எடுக்கத் தெரியாதவனுக்கு மணிக்கட்டு போய்விடும். எனக்குப் போயிருக்கிறது. எஞ்சினின் தண்ணீர்த் தொட்டி கொதிக்கும்போதே மூடியைத் திறந்து பாதி முகம் வெந்துபோனவன் ஒருவன் இருந்தான். என் முன்பல் போனது கமான் பட்டையால்.

வண்டியின் கூட்டுக்கும் அச்சுக்கும் நடுவே, வில் மாதிரி வளைந்த எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் ஒரு போல்ட்டைப் போட்டு இறுக்கியிருப்பார்கள். சக்கரம் பள்ளத்தில் விழும்போது அந்த அடியை வாங்கிக்கொள்வது இந்தக் கமான்தான். அதில் நீளமானது மெயின் பட்டை. வண்டியின் பாரம் முழுக்க அதன் இரண்டு நுனிகளில்தான் தொங்கும். நடு போல்ட்டைக் கழற்றும் முன்னால் அடுக்குக்கு இரண்டு பக்கமும் பிடி போட வேண்டும். போடாவிட்டால் அத்தனை பட்டையும் ஒரே நேரத்தில் சீறிக்கொண்டு பிரியும். நான் போடவில்லை. மெயின் பட்டை வந்து வாயில் அறைந்தது. பல்லைத் துப்பிவிட்டு, ஆத்திரத்தில் அதை எடுத்துச் சுவரில் ஓங்கி அடித்தேன். அது திரும்பித் துள்ளி என் முழங்காலையும் பதம் பார்த்தது. அன்றைக்கே எனக்கு அதன்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. நல்ல எஃகு வாங்கினதைத் திருப்பிக் கொடுக்கும். நானும் கிட்டத்தட்ட அந்த ரகம்தான்.

வண்டி எனக்கும் என் தங்கை புருஷனுக்கும் பொது. மதுரையில் இருந்த ஒரு துரை கப்பலேறும்போது விற்றுவிட்டுப் போனது. பின்பக்கத்தை அறுத்தெடுத்துவிட்டுப் பலகையால் பெட்டி கட்டினோம். மேலே ஏலத்தோட்டங்களிலிருந்து போடிமெட்டு வழியாகப் பொதிமாடுகளில் மூட்டை இறங்கும். அதை மலையடியில் முந்தலில் ஏற்றிக்கொண்டு போடிக் கடைவீதியில் கொண்டுவந்து சேர்ப்பது எங்கள் வேலை. லோடு இல்லாத நாளில் ஆள் ஏற்றுவோம். மாப்பிள்ளைக்கும் எனக்கும் ஒரே வயது, சம்பந்தம் ஆவதற்கு முன்பே சேர்ந்து திரிந்தவர்கள். அவன் வியாபாரம் பேசுவான். நான் ஓட்டுவேன். சண்டையும் நானே போடுவேன்.

சண்டைக்கு அங்கே பஞ்சமில்லை. மாட்டுவண்டிக்காரர்கள் எங்களைக் கண்டாலே பல்லைக் கடித்தார்கள். அவர்கள் பிழைப்பில் நாங்கள் மண்ணைப் போட்டோம், எங்கள் தடத்தில் அவர்கள் கல்லைப் போட்டார்கள். பேச்சுக்குச் சொல்லவில்லை. தடத்தில் பள்ளம் பார்த்துப் பெரிய கல்லாக வைத்து, மேலே மண்ணைத் தூவிவிட்டுப் போவார்கள். ஒருநாள் புதருக்குள் உட்கார்ந்திருந்து ஒருவனைக் கையும் களவுமாகப் பிடித்தேன். அவன் சாட்டைக் கம்பால் என் காதைக் கிழித்தான். நான் ஹேண்டிலால் அவன் தோளில் போட்டேன். எலும்பு விட்டுப்போன சத்தம் எனக்கே கேட்டது. அடுத்த சந்தையன்று அவன் ஆட்கள் என்னைக் கடைவீதியில் வைத்துப் புரட்டி எடுத்தார்கள். மிளகாய்ச் சாக்குகளின் மேல் தள்ளி மிதித்தார்கள். கிழிந்த காதில் மிளகாய்த் தூள் ஏறியது. இன்றைக்கும் மிளகாய் நெடி வந்தால் அந்தக் காது எரிகிறது.

அன்றைக்கு மஞ்சள் அரைத்துப் பற்றுப் போட்டவள் என் தங்கை. அவளை போடியில்தான் கட்டிக் கொடுத்திருந்தோம். எங்கள் சொந்த ஊர் ராசிங்காபுரம். நான் வண்டிக்காக மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்திலேயே ஒரு அறை பிடித்துத் தங்கியிருந்தேன். எங்கள் குடும்பத்தில் என்னைக் கண்டு பயப்படாத ஒரே ஆள் அவள்தான். பற்றுப் போட்டுக்கொண்டே, உனக்குக் கல்மேல் கோபம் வராதா, ஆள்மேல்தான் வருமா என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வாய் வலித்தது.

அவளுக்கு இரண்டு முறை கரு தங்கவில்லை. முதலாவது மூன்றாம் மாதத்தில் போனது. இரண்டாவது ஆறாம் மாதத்தில் போனது, அது ஆண்பிள்ளை. அதற்குப் பிறகு அவள் சத்தமாகச் சிரித்து நான் பார்க்கவில்லை. இப்போது மூன்றாவது, ஒன்பதாம் மாதம் தொட்டுவிட்டது. பிரசவத்துக்கு ராசிங்காபுரத்துக்கு அழைத்துப் போக வேண்டும். மாட்டுவண்டியில் போனால் குலுக்கிவிடும் என்று அவள் மாமியாருக்குப் பயம். மாப்பிள்ளை தன் பெண்டாட்டி மோட்டாரில்தான் தாய்வீடு போவாள் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தான். வெள்ளிக்கிழமை நாள் பார்த்தார்கள்.

வண்டியின் நிலைமையோ படுமோசம். கல்லும் பள்ளமும் தின்று தின்று, பின்பக்கத்தில் வலது மெயின் பட்டை நுனியில் விரிசல் விட்டிருந்தது. இடது பட்டை ஒடியவில்லை, ஆனால் பாரம் தாங்கித் தாங்கி வளைவு இறங்கிப்போயிருந்தது. சீமைப் பட்டை வேண்டுமென்றால் சென்னைப்பட்டணத்துக்கு எழுதிப்போட்டு, கப்பல் வருகிறவரைக்கும் காத்துக் கிடக்க வேண்டும். மதுரையில் மாற்றுச் சாமான் விற்கிற ஒரு கடையில் எல்லாம் கிடைக்கும் என்று யாரோ மாப்பிள்ளையின் காதில் ஓதியிருக்கிறார்கள். அவன் போய் ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். அந்த நேரம் நான் ஊரில் இல்லை. பொதிமாட்டுக்காரர்களுக்குள் வெட்டுக்குத்து நடந்து மூட்டை இறங்காமல் நின்றதால் போடிமெட்டுக்குப் போயிருந்தேன்.

புதன்கிழமை மத்தியானம் இறங்கி வந்தேன். மாப்பிள்ளை வீட்டுக் கொட்டகையில் வண்டி கழுவித் துடைத்து, மாலை போட்டு நின்றது. பின்பக்கம் நிமிர்ந்து ஜம்மென்று இருந்தது. குனிந்து பார்த்தேன். இரண்டு பக்கமும் புதுப் பட்டை. வலது பட்டையில் ரத்தம் காய்ந்து கறுத்து, அதில் சேவல் இறகு ஒட்டிக்கொண்டிருந்தது. நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன்.

அதற்குக் காரணம் உண்டு. புது இரும்பு எதை வண்டியில் பூட்டினாலும் வலது பக்கத்தில் ஒரு சேவலை அறுத்து, ரத்தத்தை அந்த இரும்பில் காட்டி, பாதையைக் காக்கிற வழிக் கருப்புசாமிக்கு ஒப்புக்கொடுத்துவிடுவது வழக்கம். ஏர்க் கொழுவுக்கும், மாட்டுவண்டிச் சக்கரத்து இரும்புப் பட்டாவுக்கும்கூட இதே முறைதான். ரத்தம் காட்டியபின் அது சாமியின் இரும்பு. அது தானாக ஒடிகிறவரைக்கும் மனிதன் கழற்றக் கூடாது. கழற்றினால், கோழி ரத்தத்துக்குப் பதிலாக வேறு ரத்தத்தைச் சாமி கேட்டு வாங்கிக்கொள்ளும். இதை நம்பாத ஆள் அன்றைக்கு போடியில் இல்லை. எனக்கும் பாதி நம்பிக்கை உண்டு. அதனால்தான் எந்தச் சாமானையும் நான் முதலில் சோதித்துப் பார்ப்பேன், அப்புறம்தான் சேவலைத் தொட விடுவேன். நான் மலையில் இருந்த நேரத்தில் இவர்கள் முறையை மாற்றிவிட்டார்கள். மனைவி வயிற்றுப்பிள்ளைக்காரி என்பதால் மாப்பிள்ளை அறுக்கக் கூடாது. அவன் தம்பி அறுத்திருக்கிறான்.

சோதிக்கிற விதம் பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஸ்பேனரால் தட்டினால் நல்ல பட்டை நின்று பாடும். இடது பட்டையைத் தட்டினேன். குடத்துக்குள் களிமண்ணை அடைத்துத் தட்டிய மாதிரி சத்தம் வந்தது. ஓரத்தில் அரத்தை வைத்து இழுத்தேன். நல்ல எஃகில் அரம் வழுக்கும், முரண்டு பிடிக்கும். இதில் வெல்லத்தில் கத்தி இறங்குகிறாற்போல இறங்கியது. நுனியை உருட்டிச் சுருட்டிய இடத்தில் கறுப்புச் சாயத்தை அப்பியிருந்தார்கள். நகத்தால் சுரண்டினால் உள்ளே மடிப்பு மடிப்பாகத் தெரிந்தது. எனக்குத் தலைக்கேறிவிட்டது. ஜாக்கியைப் போட்டுத் தூக்கி, இடது அடுக்கைக் கழற்றி, மெயின் பட்டையை மட்டும் எடுத்து இரண்டு கல்லுக்கு நடுவே பாலம் மாதிரி வைத்து மேலே ஏறி நின்றேன். வளைவு தட்டையாகிவிட்டது. இறங்கினேன். தட்டையாகவே கிடந்தது.

சத்தம் கேட்டு மாப்பிள்ளையும் அவன் தம்பியும் வந்தார்கள். நான் கிடந்த பட்டையைக் காலால் தள்ளிக் காட்டினேன். மாப்பிள்ளை அதைத் தூக்கிப் பார்த்தான், இரண்டு பக்கமும் தடவினான். அவன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"ஒடிஞ்சாத்தான மச்சான் கெட்ட இரும்பு? நீ ஏறி மிதிச்சும் ஒடியலையே. வளஞ்சுதான குடுத்திருக்கு."

"வளஞ்சது திரும்பணும் மாப்ளே. திரும்பாட்டி அதுக்குப் பேரு கமான் இல்ல, வாளிக்கம்பி."

நான் வலது பக்கத்தையும் கழற்றப்போகிறேன் என்றேன். அவன் வந்து வலது சக்கரத்தின் முன்னால் நின்றுகொண்டான். விலகச் சொன்னேன். ரத்தம் காட்டியாகிவிட்டது, கை வைக்காதே என்றான். ரத்தம் காட்டுமுன் எனக்காகக் காத்திருக்க உனக்கு என்ன கேடு என்றேன். வண்டியில் உனக்குப் பாதிதான், என் பெண்டாட்டி முழுக்க என்னுடையவள் என்றான். அந்தப் பேச்சுக்கு அடித்தேன். வாயைப் பார்த்துத்தான் அடித்தேன். அவன் உதடு கிழிந்து பல்லில் ஒட்டிக்கொண்டது. அவன் கையில் இருந்த பட்டையை வீசினான். அது என் விலாவில் பட்டது. மூச்சு நின்றுபோய் மண்டியிட்டேன். மண்டியிட்டபடியே அவன் காலைப் பிடித்து இழுத்து விழத்தாட்டி, மேலே ஏறி உட்கார்ந்து முகத்தில் குத்தினேன். தம்பி பின்னாலிருந்து என் கழுத்தில் கையைப் போட்டு நெரித்தான். அவன் கையைக் கடித்தேன். விட்டான். மறுபடியும் மாப்பிள்ளையைக் குத்தினேன். சிறு வயதிலிருந்து கூடத் திரிந்தவன் என்ற நினைப்பே அப்போது இல்லை. பட்டையின்மேல் இருந்த கோபம், அதை விற்றவன்மேல் இருந்த கோபம், பொதிமாட்டுக்காரர்கள்மேல் இருந்த கோபம் எல்லாம் அந்த ஒரு முகத்தில் இறங்கியது.

நிறுத்தியது மாப்பிள்ளையின் அம்மா. உலக்கையைக் கொண்டுவந்து என் முதுகில் குறுக்காக ஒரு போடு போட்டாள். நான் குப்புற விழுந்தேன்.

"வாயும் வயிறுமா ஒருத்தி உள்ள நிக்கிறா. அவ புருசன் ரத்தத்த மண்ணுல விழ வச்சுட்டியே, நீ கூடப்பொறந்தவனா?"

நிமிர்ந்து பார்த்தேன். என் தங்கை கொட்டகை வாசலில் வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். எத்தனை நேரமாக நின்றாளோ தெரியாது. நான் அவளிடம் பட்டையைக் காட்டிச் சொன்னேன். இது தாங்காது, ரெண்டு பக்கமும் கழற்றிப் போட்டுவிட்டு வேறு வழி பார்ப்போம், இல்லாவிட்டால் மெல்ல மாட்டுவண்டியிலேயே போவோம், உனக்கு உன் அண்ணன் பெரிதா அறுத்த சேவல் பெரிதா என்று கேட்டேன். அவள் பட்டையைப் பார்க்கவில்லை. என் சட்டையில் இருந்த அவள் புருஷன் ரத்தத்தைத்தான் பார்த்தாள்.

"ரெண்டு பிள்ளையக் குடுத்துட்டேன் அண்ணே. இனி எதையும் சீண்டிப் பாக்க எனக்குத் தெம்பில்ல. வலதுபக்கத்தத் தொடாத."

மாட்டுவண்டிப் பேச்சையும் மாமியார் தள்ளிவிட்டாள். மோட்டாருக்கு என்று சாமியிடம் சொல்லி ரத்தம் கொடுத்தபின், வேறு வண்டியில் ஏறுவது சாமியை ஏமாற்றுகிற மாதிரியாம். அப்புறம் அவளே ஒரு வழியும் சொன்னாள். இடது பக்கத்தில் ரத்தம் படவில்லை, அது மனிதர் பக்கம், அதில் நீ என்ன வேண்டுமானாலும் பூட்டிக்கொள். வலது சாமி பக்கம், அதைச் சாமி பார்த்துக்கொள்ளும். எல்லோரும் அதுதான் சரி என்றார்கள். மாப்பிள்ளைகூடத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினான்.

கமானை மாற்றினால் ஜோடியாக மாற்ற வேண்டும். இது எனக்குத் தெரியும். நுகத்தில் ஒரு பக்கம் காளையையும் ஒரு பக்கம் கன்றையும் கட்டினால் என்ன ஆகுமோ அதுதான் வண்டியிலும் ஆகும். சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. என் தங்கை மட்டும் பார்த்துக்கொண்டே நின்றாள், அவள் கண் கலங்கியிருந்தது. சரி, ஒரு பக்கமாவது நல்லதாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஒத்துக்கொண்டேன். சண்டையில் பாதி ஜெயித்த மாதிரி ஒரு நினைப்பும் இருந்தது.

வளைவு இறங்கிப்போன பழைய சீமைப் பட்டையைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். ஆசாரியார் உலையில் போட்டுப் பழுக்கக் காய்ச்சினார். சம்மட்டியை நான் வாங்கிக்கொண்டேன். விலாவில் ஒவ்வொரு அடிக்கும் கத்தி குத்துகிற மாதிரி வலித்தது. வலிக்க வலிக்க அடித்தேன். வளைவு ஏறியது. இலுப்பெண்ணெய்த் தொட்டியில் முக்கியதும் புகையும் தீயுமாகச் சீறி, என் முன்கை மயிரெல்லாம் பொசுங்கியது. ஆறியபின் கயிற்றில் தொங்கவிட்டுத் தட்டினேன். கோயில் மணி போலப் பாடியது. ஆசாரியாரும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். அத்தனை நல்ல நாதத்தை நான் அதற்கு முன்பு எந்தப் பட்டையிலும் கேட்டதில்லை. வியாழக்கிழமை பொழுது சாயுமுன் இடது பக்கத்தில் பூட்டிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் கிளம்பினோம். நான் ஓட்டினேன். பக்கத்தில் மாப்பிள்ளை, வீங்கிய உதட்டோடு. பின்னால் வைக்கோல் பரப்பி மெத்தை போட்டு என் தங்கை. கை நிறைய வளையல். அவளை அணைத்துப் பிடித்துக்கொண்டு மாமியார். படியில் தொற்றிக்கொண்டு தம்பி, நான் கடித்த கையில் துணியைச் சுற்றியிருந்தான். போடியை விட்டு வெளியேறும் முன்பே வண்டி வலது பக்கம் சாய்ந்துவிட்டது. மதுரைப் பட்டை படுத்துக்கொண்டது. நான் மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தேன். அவன் மலையைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

சிலமலை தாண்டினால் மலையிலிருந்து இறங்குகிற ஓடைகள் பாதையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். கார்த்திகை மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. ஒவ்வொரு ஓடையிலும் நிறுத்தி, இறங்கிப் பார்த்து, கல்லைப் பொறுக்கி எறிந்துவிட்டு, நடக்கிற வேகத்தில் இறக்கி ஏற்றினேன். அத்தனை பக்குவமாக நான் வாழ்நாளில் வண்டி ஓட்டியதில்லை. கடைசி ஓடையையும் அப்படித்தான் பார்த்தேன். தண்ணீர் கணுக்காலளவுதான். இறக்கினேன். ஏறும்போது இடது பின்சக்கரம் மணலுக்குள் மறைந்திருந்த குழியில் தொப்பென்று விழுந்தது. கை தானாக ஸ்டியரிங்கை இறுக்கியது. வேட்டுப் போட்ட மாதிரி ஒரு சத்தம்.

வலதுபக்கம்தான் போச்சு என்று கத்தினேன். இல்லை. அச்சு இடது பக்கம் பின்னால் வழுக்கி, சக்கரம் பலகையில் போய் மாட்டிக்கொண்டது. வண்டி முனகிக்கொண்டு இடது பக்கம் திரும்பியது. கரையின் விளிம்பு இடிந்தது. நான் ஸ்டியரிங்கை ஒடித்தும் அது கேட்கவில்லை. மெல்லத்தான் சாய்ந்தது, குதித்துத் தப்பிக்கிற அளவுக்கு மெல்ல. தம்பி குதித்துவிட்டான். பின்னால் இருந்த பெண்களால் எப்படிக் குதிக்க முடியும்? இடது பக்கமாகப் படுத்தபோது பெட்டியின் பலகை முறிந்து அவர்கள்மேல் விழுந்தது.

என் நெற்றி பிளந்து கண்ணில் ரத்தம் இறங்கியது. துடைத்துக்கொண்டு ஓடினேன். மாப்பிள்ளை எனக்கு முன்னால் அங்கே இருந்தான். நகம் பிய்ந்துபோகிற வேகத்தில் பலகையை இழுத்தான். நானும் பிடித்தேன். இரண்டு நாளைக்கு முன் ஒருவரையொருவர் கொல்லப் பார்த்தவர்கள் தோளோடு தோளாக நின்று தூக்கினோம். மாமியாரின் கை முழங்கைக்குக் கீழே தொங்கியது. என் தங்கை வயிற்றின் குறுக்கே கட்டை கிடந்தது. அவள் கத்தவில்லை. கண்ணை அகலத் திறந்துகொண்டு வாயால் மூச்சு விட்டாள். வளையல்கள் உடைந்து கையெல்லாம் குத்தியிருந்தது. சேலை நனைந்துகொண்டே வந்தது. முதலில் ஓடைத்தண்ணீர் என்று நினைத்தேன். அது தண்ணீர் இல்லை.

வைக்கோல் ஏற்றிக்கொண்டு ஒரு மாட்டுவண்டி வந்தது. கூடவே களையெடுக்கப் போன பெண்கள் சிலர் வந்தார்கள். அவளை வண்டியில் வைக்கோல்மேல் படுக்க வைத்துச் சேலைகளைச் சுற்றிலும் பிடித்தார்கள். ஆண்களைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். ஒடிந்த கையோடு மாமியாரும் உள்ளே போனாள். நாங்கள் மூன்று பேரும் ஓடைக்கரையில் நின்றோம். அவள் முனகல் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது. வெயில் ஏறியது. பிறகு முனகலும் நின்றது. குழந்தைச் சத்தத்துக்காகக் காத்திருந்தோம். அது வரவே இல்லை. ஒரு பெண் சேலையை விலக்கிக்கொண்டு வந்து, தாய் பிழைத்துக்கொள்வாள் என்று மட்டும் சொன்னாள்.

மாப்பிள்ளை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவன் தம்பி என்மேல் பாய்ந்தான். நான் தடுக்கவில்லை. பிளந்த நெற்றியிலேயே குத்தினான், விழுந்தபின் விலாவில் மிதித்தான். அண்ணன் அவனைப் பிடிக்கவில்லை, ஏவவும் இல்லை. அடித்து ஓய்ந்ததும் தம்பி என் தலைமயிரைப் பிடித்துத் தூக்கி, வண்டிப் பக்கம் முகத்தைத் திருப்பினான். இடது பக்கமாகப் படுத்திருந்ததால் வலது கமான் மேலே, எங்கள் நெஞ்சளவு உயரத்தில் வெயிலில் தெரிந்தது. காய்ந்த ரத்தம், ஒட்டிய இறகு. தட்டையாகக் கிடந்தது, ஆனால் ஒரு கீறல் இல்லை. கீழே மணலில் என் பட்டை, நான் சம்மட்டி அடித்த பட்டை, நுனியருகில் இரண்டாகக் கிடந்தது.

"பாத்துக்க. சாமி தன் பக்கத்தக் காப்பாத்திருச்சு. ஒன் பக்கந்தான் முறிஞ்சிருச்சு."

இதற்கு எனக்குப் பதில் உண்டு. இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். அந்த வலது பட்டை வெறும் தகரம். அது படுத்துக்கொண்டதால்தான் பள்ளத்தின் அடி முழுவதையும் இடது பட்டை ஒற்றையாக வாங்கியது. நல்லது முறிந்தது, கெட்டது வளைந்து தப்பித்துக்கொண்டது. உலையில் ஏதாவது கூடக் குறைய ஆகியிருக்கலாம், அது எனக்குத் தெரியாது. ஆனால் வலது பட்டையையும் கழற்ற விட்டிருந்தால் என் தங்கை மாட்டுவண்டியில் போயிருப்பாள், பிள்ளை அழுதிருக்கும். இதையெல்லாம் அன்றைக்கு ஓடைக்கரையில் சொல்ல வாய் திறந்தேன். தம்பி என் முகத்தில் துப்பிவிட்டுப் போய்விட்டான். மாப்பிள்ளை எழுந்து வண்டிக்காரனிடம் மாடுகளை போடிக்கே திருப்பச் சொன்னான். ராசிங்காபுரம் கூப்பிடு தூரம்தான். தாய்வீட்டுக்குக்கூட அவளை அனுப்ப அவனுக்கு மனமில்லை.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. அந்தப் பட்டை கெட்டது என்று இவர்கள் போகுமுன் காட்டிவிட வேண்டும். ஒடிந்தால்தானே நம்புவார்கள். சாமான் பெட்டியிலிருந்து சம்மட்டியை எடுத்தேன். ரத்தம் காட்டிய பட்டையின் நுனியில் ஓங்கி அடித்தேன். இறகு பறந்தது. பட்டை குழைந்து கொடுத்தது. மறுபடி அடித்தேன். விலா எலும்பு உள்ளே நகர்வது தெரிந்தது. நெற்றி ரத்தம் சம்மட்டிப் பிடியில் வழிந்து கை வழுக்கியது. வேட்டியில் துடைத்துக்கொண்டு அடித்தேன். நான் அழுதுகொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன். களையெடுக்க வந்த பெண்கள் பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரி விலகி நின்று பார்த்தார்கள். பட்டை கீழ்ப்பக்கம் வளைந்தது, பக்கவாட்டில் முறுகியது. ஒடியவில்லை.

மாட்டுவண்டி என்னைக் கடந்தது. மாப்பிள்ளை சக்கரத்தோடு சக்கரமாக நடந்தான், என் பக்கம் திரும்பவில்லை. வைக்கோலின்மேல் என் தங்கை ஒருக்களித்துப் படுத்திருந்தாள். அவள் நெஞ்சோடு ஒரு சிறு துணிமூட்டை இருந்தது. வண்டிக்காரனைக் கொஞ்சம் நிறுத்தச் சொன்னாள். அவள் குரலில் கோபமில்லை. மஞ்சள் பற்றுப் போட்டபோது பேசின அதே குரல்தான்.

"விட்ரு அண்ணே. அது ஒடியாது."

வண்டி நகர்ந்தது. அதன் பிறகும் நான் அடித்தேன். பட்டை வளைந்தது.